வாசிக்கத் தெரியாதவர்கள்

போஸ்ட் பங்க் இசைக்கு இப்போது நினைவஞ்சலிக் காலம். அன்று ஐம்பது பேர்கூட வராத கச்சேரிகளுக்கு இன்று ஆவணப்படம், மறுவெளியீடு, 'நானும் அங்கே இருந்தேன்' என்று சொல்ல ஆயிரம் பேர். நானும் அங்கே இருந்தவன்தான். 1979இல் லண்டனில் பகலில் படிப்பு, இரவில் பெட்ரோல் நிலைய வேலை என்றிருந்த யாழ்ப்பாணத்துப் பையன். அந்த உரிமையில் கேட்கிறேன்: இவர்களுடைய நினைவுகளில் எங்கள் நிறத்தவர்கள் ஏன் இல்லை?

'இசையில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்கிறார்கள். கலந்தது நாங்களா? 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் நின்றுகொண்டு, வெளிநாட்டவரை வெளியேற்ற வேண்டும் என்று முழங்கியவர் எரிக் கிளாப்டன். அதற்கு எதிர்வினையாகத்தான் 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' இயக்கமே பிறந்தது. 1978 ஏப்ரல் 30இல் அது விக்டோரியா பூங்காவில் பல்லாயிரம் பேரைத் திரட்டியது. நான்கே நாளில், அதே கிழக்கு லண்டனில், வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வங்கதேசத் தையல் தொழிலாளி அல்தாப் அலி குத்திக் கொல்லப்பட்டார். 1979 ஏப்ரல் 23இல் சவுத்தாலில் நேஷனல் ஃபிரண்டை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் பாய்ந்தது. ஆசிரியர் பிளேர் பீச் கொல்லப்பட்டார். மிஸ்டி இன் ரூட்ஸ் என்ற ரெகே குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கரின் மண்டை உடைக்கப்பட்டது. பீச்சை அடித்தது பெரும்பாலும் ஒரு போலீஸ்காரர்தான் என்று சொல்லும் போலீசாரின் சொந்த அறிக்கை வெளிவர 2010 ஆயிற்று. யாரும் தண்டிக்கப்படவில்லை. கச்சேரிக்குப் போவது என்றால் எங்களுக்கு வீடு திரும்பும் கடைசிப் பேருந்தின் பயமும் சேர்ந்ததுதான்.

அந்த நாட்களில் ஏலியன் கல்ச்சர் என்று ஒரு குழு இருந்தது. பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று பேர், வெள்ளைக்கார கிதார்காரர் ஒருவர். வேற்றுப் பண்பாட்டினர் நாட்டை மூழ்கடித்துவிடுவார்களோ என்று மக்கள் அஞ்சுவதாக 1978இல் மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் பேசினாரே, அதற்குப் பதிலடிதான் அந்தப் பெயர். வெளியே இருக்கும் இனவெறியையும் பாடினார்கள், வீட்டுக்குள் பெற்றோர் முடித்துவைக்கும் திருமணத்தையும் பாடினார்கள். 1980இல் ஒரே ஒரு சிறு இசைத்தட்டு. அதோடு சரி.

தென் லண்டனில் ஒரு சின்னக் கூடத்தில் அவர்களைப் பார்த்தேன். முன்வரிசையில் என்னைப் போன்ற பழுப்புநிறப் பையன்கள், வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள், கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். வெளியே வந்ததும் என் வெள்ளை நண்பர்கள் வாய் திறக்குமுன் நானே சொன்னேன்: 'இவங்களுக்கு வாசிக்கத் தெரியேல்ல.'

அதற்கு முந்திய வாரம்தான் இரண்டே சுரக்கட்டில் அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் குழுவுக்குக் கைதட்டி, 'புரட்சி' என்றிருந்தேன்.

வாசிக்கத் தெரியாமை அந்த இசையில் குற்றமே அல்ல, கொள்கை. யாரும் குழு தொடங்கலாம், யாரும் இசைத்தட்டு போடலாம் என்பதுதான் அதன் பெருமை. ஸ்கிரிட்டி பொலிட்டி குழு, தட்டு அச்சடிக்க ஆன செலவுக் கணக்கை உறையிலேயே அச்சிட்டது, மற்றவர்களும் செய்யட்டும் என்று. ஆனால் அந்த 'யாரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள்? வெள்ளைப் பையன் தப்பாக வாசித்தால் பரிசோதனை. பழுப்புநிறப் பையன் தப்பாக வாசித்தால் தகுதியின்மை. தகுதி என்ற சொல் எப்படி வேலை செய்யும் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைச் சொல்ல மேலே இருப்பவன் வர வேண்டியதுகூட இல்லை. அன்று அவனுக்காக நான் சொன்னேன்.

பிரபலமாகாத குழு வேறு, இருட்டடிப்புச் செய்யப்பட்ட குழு வேறு. முதலாவதற்குக் காரணம் காலமாக இருக்கலாம். இரண்டாவதற்குக் காரணம் ஆட்கள். அந்த ஆட்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கூடங்களில் முன்வரிசையில் நின்றவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். ஆவணப்படக்காரன் வந்து கேட்பான் என்று காத்திருக்காதீர்கள். எந்தக் கூடம், எந்தக் குழு, வெளியே யார் அடிக்கக் காத்திருந்தார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். நன்றாக எழுத வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சை நாம் ஏற்கெனவே ஒருமுறை நம்பித் தொலைத்துவிட்டோம்.