சாமலா காட்டுக்குத் தனிக்கட்டுரை தகுமா?

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தோருக்குச் சாமலா பள்ளத்தாக்கு புதிய பெயரன்று. 1954இல் வெளியான அவரது முதல் நூலில் ஆட்கொல்லிப் புலியொன்றின் களமாக அது வருகிறது. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளியானதும் அதே ஆண்டில்தான். திருப்பதியை அடுத்துள்ள அக்காடு, 1989இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவைச் சார்ந்தது. எனில், கலைக்களஞ்சியத்தில் அதற்குத் தனிக்கட்டுரை தகுமா?

விக்கிப்பீடியாவின் அளவுகோல் தெளிவானது. தொடர்பற்ற, நம்பகமான சான்றுகள் ஒரு பொருளை விரிவாகப் பேசியிருக்க வேண்டும். இயற்கை நிலப்பகுதிக்குச் சற்று நெகிழ்வு உண்டு. ஆயினும் பெயரையும் அமைவிடத்தையும் கடந்து எழுதுவதற்குச் செய்தி இருந்தாக வேண்டும். ஒரு வேட்டைக்காரரின் தன்வரலாற்றுக் கதை அந்தக் கதைக்கே சான்று, காட்டுக்குச் சான்றாகாது.

இவ்விடத்தில் நீக்கக் கோருவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சான்று கிடைக்கவில்லை என்பதும் சான்று இல்லை என்பதும் ஒன்றல்ல. சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக்கொண்டு உருவானது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 2022இல் சித்தூர், நெல்லூர்ப் பகுதிகளிலிருந்து திருப்பதி மாவட்டம் பிறந்தது. ஆகவே இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் இட்டுத் தேடுவோருக்கு, சென்னை மாகாணக் காலத்து ஆவணம் எதுவும் அகப்படாது. வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேடு, வனத்துறையின் செயல்திட்டங்கள், கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல், தெலுங்கு இதழ்கள் ஆகியவற்றைப் புரட்டிய பின்னரே ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு.

இத்தேடலுக்கு மற்றொரு தேவையும் உண்டு. சேசாசலக் காடுகள் தமிழ் நாளிதழ்களில் இடம்பெறுவது பெரும்பாலும் செம்மரக் கடத்தலையொட்டியே. 2015 ஏப்ரலில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அக்காடு தமிழகமெங்கும் பேசப்பட்டது. அந்நிகழ்வுக்குச் சான்றுகள் குவிந்துள்ளன. அக்காட்டின் செம்மரத்துக்கும், பெட்டோமின் பெயர் தாங்கிய சைக்கசுக்கும், பொன்னிறப் பல்லிக்கும் பொதுவாசகர் அறியத்தக்க தமிழ்ப் பதிவுகள் சிலவே. செய்தியை மட்டும் அளவுகோலாக்கினால், காடு குற்றக்களமாக மட்டுமே நினைவில் எஞ்சும்.

ஆதலால் இப்போதைக்குத் தக்கது நீக்கமன்று, தனிக்கட்டுரையுமன்று. தேசியப் பூங்காக் கட்டுரையில் சாமலாவுக்கு ஓர் உட்பிரிவும், அதற்கொரு வழிமாற்றும் போதும். பெயர் தேடுவோருக்குக் கிட்டும், மிகைப்படுத்தலும் நேராது. காட்டையே பொருளாகக்கொண்ட இரண்டு சான்றுகள் கிடைக்கும் நாளில் உட்பிரிவு தனிக்கட்டுரையாகலாம். அச்சான்றுகளைத் தேடித் தருவது, அம்மலைகளுக்கு ஆண்டுதோறும் களப்பணிக்குச் செல்லும் தாவரவியல், வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு எட்டாத பணியன்று.