மென்பொருளுக்குத் தலைவரி!

சம்பளச் சீட்டு, பஸ் டிக்கெட், பாங்கிக் கணக்கு என்று உழைப்பாளி மக்களின் அன்றாடக் காரியங்கள் பலவும் இன்று எங்கோ ஒரு சர்வரில் ஓடுகின்றன. “இது கம்ப்யூட்டர் படித்தவர்களின் விஷயம், நமக்கென்ன?” என்று நாம் இருந்துவிட முடியாது. அந்தச் சர்வர்களில் ஓடும் ஒரு மென்பொருளுக்கு அமெரிக்காவின் ஆரக்கிள் கம்பெனி கேட்கும் வாடகை, தொழிலாளிகளின் தலைகளை எண்ணிப் போடப்படுகிறது!

அந்த மென்பொருள் ஜாவா. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட கணினி மொழி இது. இதில் எழுதிய புரோகிராம் தானாக ஓடாது. தறி ஓட மோட்டார் வேண்டும். இந்தப் புரோகிராம் ஓட ‘ரன்டைம்’ என்ற இன்னொரு மென்பொருள் அடியில் ஓட வேண்டும். பல வருஷங்கள் இந்த மோட்டார் இனாமாகக் கிடைத்தது. அதை நம்பி உலகமெங்கும் பாங்கிகளும் சர்க்கார் இலாகாக்களும் ஆலைகளும் தங்கள் புரோகிராம்களைக் கட்டிக்கொண்டன.

லைசென்ஸ் என்பது என்ன? நிலத்தில் உழைப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. யார் உழலாம், எவ்வளவு அளக்க வேண்டும், எப்போது வெளியேற்றலாம் என்று சொல்லும் குத்தகைச் சீட்டுதான் அது. சீட்டை எழுதுகிறவன் கையில் பிடி இருக்கிறது.

2010-ல் ஆரக்கிள், சன் கம்பெனியை விலைக்கு வாங்கியது. 2018-ல் ஜாவாவுக்குச் சந்தா முறை வந்தது: சர்வருக்குப் பிராசசர் கணக்கில் மாதம் 25 டாலர், மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஆள் கணக்கில் மாதம் 2.50 டாலர். 2019 ஏப்ரல் முதல், பரவலாக ஓடிக்கொண்டிருந்த ஜாவா 8-க்குத் தொழில் நிறுவனங்கள் இனாமாகப் பெற்றுவந்த திருத்தங்களும் நின்றன. திருத்தம் இல்லாத மென்பொருள் பூட்டில்லாத கிடங்கு. திருடன் எப்போதும் நுழையலாம். அதுவரையிலும்கூட, உபயோகத்துக்குத்தான் வாடகை.

2023 ஜனவரியில் அந்த நியாயமும் போயிற்று. புதிய சந்தா, நிறுவனத்தின் மொத்த ஆள் எண்ணிக்கைக்கு! ஆயிரத்துக்குக் குறைவான ஆட்கள் என்றால் தலைக்கு மாதம் 15 டாலர். பெரிய நிறுவனங்களுக்குப் படிப்படியாக 5.25 டாலர் வரை குறையும். ஜாவாவைத் தொட்டவர் எத்தனை பேர் என்பது கேள்வியே அல்ல. முழுநேர ஆள், பகுதிநேர ஆள், தற்காலிக ஆள், நிறுவனத்தின் உள்வேலைக்கு உதவும் காண்டிராக்ட் ஆள் எல்லாரும் கணக்கில் சேர்த்தி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை. சர்வருக்கு 8 பிராசசர் லைசென்ஸ் போதும் என்றால், பழைய விலையில் வருஷத்துக்கு 2,400 டாலர். புதிய விலையில் 90,000 டாலர்! யந்திரம் ஒன்று கூடவில்லை, வேலை ஒரு பிடி கூடவில்லை. வாடகை மட்டும் முப்பத்தேழரை மடங்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போனஸ் கேட்டால் “நீ எங்கள் ஆள் அல்ல” என்று விரட்டப்படும் காண்டிராக்ட் தொழிலாளி, லைசென்ஸ் கணக்கில் நிறுவனத்தின் ஆளாகிவிடுகிறான். உரிமை கேட்கையில் இல்லாத தலை, வரி வசூலிக்கையில் முளைத்துவிடுகிறது!

“புதிய பதிப்பு இனாம்தானே?” என்று சிலர் சொல்லக்கூடும். 2021-ல் வந்த ஜாவா 17 முதல் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் அடுத்த நீண்டகாலப் பதிப்பு வந்து ஓராண்டு கழிந்தால், பழையதற்கு அந்தச் சலுகையில் திருத்தம் கிடையாது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் காசு.

வழியே இல்லையா? இருக்கிறது. சன் கம்பெனி 2006-07-ல் ஜாவாவின் மூல நிரலை ஜி.பி.எல். என்ற பொது லைசென்ஸில் வெளியிட்டது. ஓப்பன் ஜே.டி.கே. என்று அதற்குப் பெயர். இது ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. யாரும் இறைக்கலாம், தூர் வாரலாம், அடுத்த ஊருக்கும் கொடுக்கலாம். மாற்றிக் கொடுப்பவன் தன் மாற்றத்தின் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். வேலி போட முடியாது. இதன்மேல் ஓடும் உங்கள் சொந்தப் புரோகிராமைத் திறந்துகாட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதே மூலத்திலிருந்து எக்லிப்ஸ் அமைப்பு டெமுரின் என்ற ரன்டைமையும், அமேசான் கொரெட்டோவையும் இனாமாகத் தருகின்றன. அமேசான் தர்மகர்த்தா அல்ல. சர்வர் வாடகையில் லாபம் பார்க்கும் பெருங்கம்பெனி. நாளை அது கை விரித்தாலும் கிணறு ஊரிடம் இருக்கும். பொது லைசென்ஸின் பலம் அதுதான். பராமரிப்புக்கு உழைப்பு வேண்டும், அந்த உழைப்புக்குக் கூலியும் வேண்டும், மறுக்கவில்லை. கூலி வேறு, தலைவரி வேறு.

மத்திய சர்க்கார் 2015-லேயே, தன் இலாகாக்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் என்று கொள்கை அறிவித்தது. ஆகவே நாம் கேட்கிறோம்: பொதுத்துறை நிறுவனங்களின் சர்வர்களில் எந்த ரன்டைம், எந்த லைசென்ஸில் ஓடுகிறது? கணக்கை வெளியிடுங்கள்! பொது லைசென்ஸ் மென்பொருள் போதுமான இடத்தில் தலைக்கணக்குச் சந்தாவில் கையெழுத்துப் போடாதீர்கள்!

கூலிப் பேச்சில் “செலவு கூடிவிட்டது” என்று நிர்வாகம் கையை விரிக்கும்போது, இந்தச் செலவையும் விவரம் கேளுங்கள், தோழர்களே. நம் தலையை எண்ணிக் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.