முழங்கால் பயிற்சியில் விஆர்: எப்போது, எதற்கு?

முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை மாட்டி, விளையாட்டு வழியே பயிற்சி கொடுக்கும் முறை பரவிவருகிறது. 'சலிப்பே தெரியாது' என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். கருவியோடு எனக்குப் பிணக்கில்லை; காரணத்தோடுதான். துருக்கியில் ஏசிஎல் என்ற முழங்கால் ஜவ்வுக்கு அறுவை முடிந்த 30 ஆண்களில் ஒரு பாதியினர் நின்டெண்டோ வீ ஃபிட் விளையாடினார்கள், மறு பாதியினர் வழக்கமான பயிற்சி செய்தார்கள். 12 வாரம் கழித்துத் தசை வலுவிலும் சமநிலையிலும் பெரிய வித்தியாசமில்லை என்றது 2013-இல் வெளியான அந்த ஆய்வு. அது கண்ணாடி மாட்டாத, டிவி திரை விளையாட்டுதான். ஆனாலும் சலிப்பு தீர்ந்தால் கால் சீக்கிரம் தேறும் என்ற நம்பிக்கைக்கு அது வலு சேர்க்கவில்லை.

விஆர் உதவக்கூடிய இடம் வேறு. ஜவ்வு கிழியும்போது, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் சேதமாகின்றன. அந்தக் குறையை மூளை பார்வையைக் கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறது என்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதோடு பயமும் சேர, கவனமெல்லாம் முழங்காலிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் பாடிப் போகும் கபடி வீரருக்கு எதிரணியின் கைகளைப் பார்க்கத்தான் கண் வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த அல்லி கோகெலர் குழுவினர், அறுவை செய்துகொண்டவர்களையும் காயமே படாதவர்களையும் படியிலிருந்து இறங்கவைத்து ஒப்பிட்டார்கள். இரு சாராரின் அசைவுகளுக்கு இடையே இருந்த வேறுபாடு மெய்நிகர் காட்சிக்குள் குறைந்தது. கவனம் காலைவிட்டு வெளியே போனதும் கால் இயல்பாக இயங்கியது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். சிறிய ஆய்வுதான், மறுபடி காயம் படாது என்று அது நிரூபிக்கவில்லை.

விளையாட்டு வேகத்தில் நோயாளி எல்லை மீறிவிடமாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக அறுவையில் பொருத்திய தசைநார் ஜவ்வாக உருமாறப் பல மாதங்கள் பிடிக்கும். வலியோ அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். புள்ளிகளைத் துரத்துகிறவருக்கு அந்த இடைவெளி தெரியாது. 2016-இல் வந்த நார்வே-அமெரிக்க ஆய்வு, களம் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதாகச் சொன்னது. ஆகவே விஆர், தொடை முன்தசை வலுவடைந்த பிறகு, பிசியோதெரபிஸ்ட் அருகில் நிற்கும்போது மட்டுமே. கண்ணாடி மாட்டியவருக்குத் தரை தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

பந்தை எறிந்து பிடிக்கவைத்தாலே கவனம் திரும்பிவிடுமே என்பார்கள். பெரும்பாலும் சரிதான். விஆர் இல்லாத சிறு மையங்கள் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. பாய்ந்து வரும் எதிராளியை ஆபத்தில்லாமல் கண்முன் நிறுத்துவதுதான் பந்தால் ஆகாதது; அதற்காகக் கருவி வாங்கலாம். அறுவை செய்த காலின் தசை வலு மறுகாலோடு ஒப்பிட எவ்வளவு என்று அளந்து சொல்லாத மையம், கண்ணாடிக்குத் தனிக் கட்டணம் கேட்டால் நோயாளி தயங்காமல் மறுக்கலாம்.