முதலில் இறக்குங்கள், பிறகு ஏற்றலாம்



செங்கல்பட்டில் வெயில் ஏறினால் போதும், பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "சார், ப்ராசஸரை ஓவர்க்ளாக் பண்ணேன். டிசம்பர்ல நல்லா ஓடுச்சு. இப்போ நீலத் திரை வந்து நின்னுடுது. வோல்டேஜ் கொஞ்சம் ஏத்தட்டுமா?"

வேண்டாம். முதலில் இறக்குங்கள் என்பதே என் கருத்து.

ப்ராசஸர் எடுக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர்விகிதம்; வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். வேகத்தை 10 சதவீதம் கூட்டி, வோல்டேஜை 1.20-லிருந்து 1.35-க்கு ஏற்றிப் பாருங்கள்: மின்திறன் சுமார் 39 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பம். அதை ஃபேன் அறைக் காற்றில்தான் கொட்ட வேண்டும். மே மாதத்தில் அந்தக் காற்றே கொதிக்கிறது. மாமல்லபுரம், கோவளம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றின் அரிப்பு வேறு.

அதனால் பயாஸில் எல்லாவற்றையும் பழைய டீஃபால்ட் நிலைக்குக் கொண்டுபோங்கள். ராமுக்கு எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதுவும் ஓவர்க்ளாக்தான், அதையும் எடுங்கள். அப்போதும் நின்றால், வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். ராம், பவர் சப்ளை, ஃபேனில் அடைந்த தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றைப் பாருங்கள். நிற்காமல் ஓடினால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். ராமுக்கு மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க, ப்ராசஸருக்கு ப்ரைம்95 சில மணி நேரம் ஓடட்டும். அதையும் மத்தியான வெயிலில் செய்யுங்கள்.

"என் நண்பன் இதே செட்டிங்கில் ஓட்டுறானே" என்பார்கள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒரு சிப் போல இன்னொன்று இருக்காது. அவன் எண் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

நீலத் திரை வந்தால்கூட ஒருவகையில் நல்லது, நமக்குத் தெரிந்துவிடுகிறது. நிற்காமலே தப்பாகக் கணக்குப் போடும் ப்ராசஸர்தான் ஆபத்து. கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவரின் ஃபைல் கெட்டால், கல்லூரி ப்ராஜெக்ட் பாழானால், கூடுதலாகக் கிடைத்த அந்தப் பத்து சதவீதம் ஈடு கட்டுமா?

அதிக வோல்டேஜ் என்ன செய்யும் என்பதற்கு 2024-இல் நடந்ததே சாட்சி. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவும் ஓவர்க்ளாக் செய்யாமலேயே தடுமாறின. தேவைக்கு மேல் போன வோல்டேஜ் முக்கியக் காரணம் என்று கம்பெனியே சொல்லி, பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது; வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸை இன்றே அப்டேட் செய்யுங்கள்.

வேகத்தைக் குறைப்பதைத் தோல்வியாக நினைக்கும் பிள்ளைகளுக்கு நம் கடற்கரையிலேயே பதில் இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளையும், உள்பாகம் பழுதானபோது, பல வருடம் 170 மெகாவாட்டில்தான் ஓட்டினார்கள். 2000-களில் பழுதைச் சரிசெய்த பிறகே 220-க்கு ஏற்றினார்கள். அவ்வளவு படித்த இன்ஜினியர்களே இறக்கித்தான் ஓட்டினார்கள்.

ஆசைக்கு ஏற்றிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. பழுது வந்தால் இறக்கிக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு ஏற்றுங்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். ஏற்றிய எண்ணையும், அறையின் வெப்பத்தையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.