கண்காட்சியைக் கட்டிக் காத்த குடும்பம்

ஒரு விழாவைத் தொடங்குவதற்கு உற்சாகம் போதும். அதைத் தொடர்ந்து நடத்துவதற்கு வேறு குணங்கள் வேண்டும். முதல் ஆண்டில் ஊரே திரண்டு வரும். பந்தல் போடவும் கொடி கட்டவும் ஆயிரம் கைகள் முன்வரும். பத்தாம் ஆண்டில் வரவு செலவுக் கணக்கை எழுதுவதற்குக்கூட ஆள் கிடைப்பது அரிது. இப்படித் தொடங்கி, இப்படியே மறைந்த விழாக்கள் எத்தனையோ!

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள போர்ட்வொர்த் நகரின் கால்நடைக் கண்காட்சிக்கு அந்தக் கதி நேரவில்லை. 1896-ல் தொடங்கிய அக்கண்காட்சி நூறாண்டைத் தாண்டியும் நடந்து வந்திருக்கிறது. அதன் ஆயுளில் பெரும் பகுதி, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அதன் நிர்வாகப் பொறுப்பைச் சுமந்தார்கள். அது வாட் குடும்பம்.

மாட்டு நகரம்

போர்ட்வொர்த்துக்கு ‘மாட்டு நகரம்’ என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், தெற்கே மேய்ந்த மாட்டு மந்தைகளை வடக்கிலிருந்த ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் சென்றவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போனார்கள். 1876-ல் ரயில் இங்கேயே வந்து சேர்ந்தது. ஊர் வளர்ந்தது. இருபது ஆண்டு கழித்து, மாட்டுப் பண்ணைக்காரர்கள் சிலர் வடபகுதியில் ஓர் ஓடைக்கரையில் தங்கள் கால்நடைகளைக் கொண்டுவந்து நிறுத்தி, யாருடையது உயர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கண்காட்சியின் பிறப்பு அதுதான்.

1903-ல் ஸ்விப்ட், ஆர்மர் என்ற இரு பெரிய கம்பெனிகளின் இறைச்சித் தொழிற்சாலைகள் அவ்வூரில் திறக்கப்பட்டன. நல்ல மாட்டுக்கு நல்ல விலை என்ற நிலை வந்தது. 1908-ல் கண்காட்சிக்கென்று பெரிய கூடம் எழும்பியது. 1918-ல் அந்தக் கூரையின் கீழேயே ரோடியோ பந்தயம் நடந்தது.

ரோடியோ என்பது ஸ்பானிய மொழிச் சொல். சிதறி மேயும் மாடுகளை வளைத்துச் சேர்ப்பது என்பது அதன் கருத்து. மாடு மேய்ப்பவர்களின் அன்றாட வேலைதான் பந்தயமாக மாறியது. ஓடும் கன்றின் மீது குதிரையிலிருந்தபடியே சுருக்குக் கயிறு வீசுவது, அடங்காத குதிரை மீது அமர்ந்திருப்பது, முரட்டுக் காளையின் முதுகில் ஏறுவது ஆகியவை அதில் முக்கியமானவை. காளை மீது எட்டு விநாடி தாக்குப் பிடிக்க வேண்டும். ஒரு கையால்தான் கயிற்றைப் பற்றலாம். மற்றக் கை காளை மீது பட்டால் தோல்வி. வேடிக்கை என்னவென்றால், மதிப்பெண்ணில் பாதி வீரனுக்கு, மறு பாதி காளைக்கு! காளை துள்ளாமல் நின்றுவிட்டால் வீரனுக்கும் பரிசு கிட்டாது.

யுத்த காலச் சோதனை

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பழைய கூடம் விமானத் தயாரிப்பு வேலைக்குப் போய்விட்டது. 1943-ல் கண்காட்சி நடைபெறவில்லை. மறு ஆண்டு அதை நகரின் மேற்குப் பகுதிக்கு மாற்றினார்கள். விமான விபத்தில் 1935-ல் மாண்ட நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸின் பெயரால் 1936-ல் கட்டப்பட்ட நகரசபை மண்டபம் அங்கே இருந்தது. பிறந்த இடத்தைவிட்டுக் கண்காட்சி போனது வடபகுதி மக்களுக்குப் பெரிய மனக்குறை.

இந்த நிலையில்தான், 1946-ல், டபிள்யூ. ஆர். வாட் என்பவர் தலைமை நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். முப்பது ஆண்டுக்கு மேல் அதைச் சுமந்தார். அவருக்குப் பின் அவர் மகன் பாப் வாட், 2010 வரை. அவருக்குப் பின் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த பிராட் பார்ன்ஸ்.

அந்த ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால்தான் பொறுப்பின் கனம் புரியும். கண்காட்சியைப் பெற்றெடுத்த தொழிலே அவ்வூரில் அற்றுப் போயிற்று. ஆர்மர் தொழிற்சாலை 1962-ல் மூடப்பட்டது. ஸ்விப்ட் 1971-ல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் மந்தை மந்தையாக மாடுகள் வந்திறங்கிய பட்டிகள் உல்லாசப் பயணிகள் உலவும் இடமாயின. வேர் பட்டுப்போன பின் மரம் நிற்குமா? இங்கே நின்றது, நின்றதோடு தழைக்கவும் செய்தது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இருபத்து மூன்று நாள் நடக்கும் விழாவாகி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை ஈர்க்கும் அளவுக்கு அது வளர்ந்தது. 2020-ல் ரோடியோ, புதிதாகக் கட்டிய டிக்கிஸ் அரங்கத்துக்குக் குடியேறியது. அடுத்த ஆண்டே கொரோனா நோயால் கண்காட்சி நிறுத்தப்பட்டது. 1943-க்குப் பிறகு அது நின்றது அப்போதுதான். 2022-ல் மீண்டும் கூடியது.

சிறுவர்களின் பள்ளிக்கூடம்

ரோடியோவைப் பார்க்கக் கூட்டம் வருகிறது என்பது மெய்யே. ஆனால் கண்காட்சியின் உயிர் மாட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது. பண்ணைப் பிள்ளைகளுக்கான சங்கங்களைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர், தாங்களே தீனி வைத்து, குளிப்பாட்டி, கயிற்றில் நடக்கப் பழக்கிய காளைக் கன்றுகளுடன் வருகிறார்கள். நடுவர் முதுகைத் தடவிப் பார்க்கிறார், விலாவில் கை வைத்துப் பார்க்கிறார், நடையைக் கவனிக்கிறார். முதலிடம் பெற்ற கன்று ஏலத்துக்கு வருகிறது. 2023-ல் அப்படி ஒரு கன்று 4 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. சந்தை விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளையின் படிப்புக்கு உதவட்டும் என்று ஊர்ச் செல்வந்தர்கள் மனமுவந்து கொடுக்கும் பணம் அது.

ஏலம் முடிந்ததும் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகள் உண்டு. அது இறைச்சிக்கு வளர்த்த மாடு என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. வளர்ப்பவனின் பாசத்தையும் வாழ்க்கைத் தொழிலின் கடுமையையும் ஒரே நாளில் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அது.

ரோடியோ மீது ஜீவகாருண்ய சங்கத்தார் கூறும் கண்டனத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கயிறு வீசிக் கன்றை விழத்தட்டுவது கொடுமை என்கிறார்கள் அவர்கள். கால்நடை மருத்துவர் அரங்கில் இருந்தாக வேண்டும் என்று தொழில்முறை ரோடியோ விதிகள் கூறுகின்றன. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. பழமையின் பெயரால் எதையும் நியாயப்படுத்த முடியாத காலம் இது. மரபைக் காப்பவர்களுக்கு அதைத் திருத்தும் கடமையும் உண்டு.

நெல்லூர் ரத்தம்

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ரோடியோ அரங்கில் வீரர்களைத் தூக்கி எறியும் காளைகளில் பல, ‘பிரம்மன்’ என்ற இனத்தின் கலப்பு. அந்த இனம் இந்திய மாடுகளிலிருந்து உருவானது. டெக்ஸாஸின் வெயிலையும் உண்ணியையும் ஐரோப்பிய மாடுகளால் தாங்க முடியவில்லை. ஆகவே 1906-ல் டெக்ஸாஸ் பண்ணைக்காரர்கள் இந்தியாவிலிருந்தே காளைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். குஜராத்தின் கீர், காங்க்ரேஜ் இனங்களோடு நெல்லூர் இனமும் அக்கலப்பில் சேர்ந்தது. நெல்லூர் அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஜில்லா அல்லவா? 1924-ல் இந்த இனத்துக்கென்று சங்கம் வைத்து, ஒவ்வொரு மாட்டின் வம்சாவளியையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள்.

நம் மாட்டை அவர்கள் ஏட்டில் எழுதி, கண்காட்சியில் நிறுத்தி, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். இங்கேயும் அத்தகைய அக்கறை இல்லாமற் போகவில்லை. காங்கயம் மாட்டினத்தைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பேணியதை மாட்டினங்களைப் பற்றி எழுதியோர் குறித்திருக்கிறார்கள். ஆனால் டிராக்டரும் பம்புசெட்டும் வந்தபின் உழவு மாட்டுக்கு வேலை குறைந்தது. ஆலம்பாடி மாடு காண்பதற்கே அரிதாகிவிட்டது. ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் தமிழ்நாட்டு இளைஞர்கள் திரண்டது உலகறிந்த செய்தி. அந்தத் திரளில் ஒரு பகுதி, ஊர்தோறும் கண்காட்சி நடத்தவும் இனப் பதிவேடு எழுதவும் முன்வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

சொத்தல்ல, பொறுப்பு

பொதுக் காரியத்தை ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்தலாமா என்ற கேள்வி எழுவது நியாயமே. கோயில் தர்மகர்த்தா பதவி முதல் கூட்டுறவுச் சங்கத் தலைமை வரை, குடும்பத்தின் கைக்குள் போய்ச் சீரழிந்தவை நம் கண்முன்னே இருக்கின்றன. போர்ட்வொர்த்தில் அமைப்பு வேறு. கண்காட்சி லாப நோக்கமற்ற ஸ்தாபனம். அரங்கங்கள் நகரசபையின் உடைமை. வாட் குடும்பத்தினர் அதற்கு நிர்வாகிகளாக இருந்தார்களே ஒழிய முதலாளிகளாக இருக்கவில்லை. பரம்பரையாக வந்தது உழைப்பு. சொத்து ஊருடையதாகவே இருந்தது.

பொதுக் காரியங்களைக் குடும்பங்கள் சுமப்பதில் தவறில்லை. கணக்கு ஊரார் முன் இருக்க வேண்டும். சாவி ஊராரிடம் இருக்க வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால், தாத்தா விட்ட இடத்திலிருந்து பேரன் தொடங்குவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாறாக, நன்றியுடன் நினைப்பார்கள்.