விழுகிற ட்ரிப் சுவிட்சை நேரடியாக்காதீர்கள்

 

நீளமான பதிவுதான். ஆனாலும் கடைசிவரை வாசியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிய கதை இது.

"ட்ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழுது தம்பி. அதைக் கழட்டிப்போட்டு நேரடியாக் குடுத்துவிடும்."

தொண்டைமானாற்றில் மட்டுமில்லை, வல்வெட்டித்துறையிலிருந்து அச்சுவேலி வரைக்கும் இந்த வசனம் கேட்காத ஒழுங்கை இல்லை. சொல்கிறவர் கெட்டவர் இல்லை. மாரி மழை, நடு இரவு, வீடு இருட்டு, பிரிட்ஜில் மீன், நாளைக்குப் பிள்ளைக்குச் சோதனை. வருகிற தம்பியும் இரண்டு வயரைக் கழற்றி ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறார். லைட் எரிகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் உயிரைக் காக்கிற சாமான் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தில் படிப்பிக்கிற ஆசிரியர்கள் நாங்கள். வகுப்பில் ஓமின் விதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே பிள்ளை இப்படியான வீட்டுக்குத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் ஏலாது. அதனால்தான் எழுதுகிறோம். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும் கணக்கு.

எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈரக் கையோடு, வெறுங்காலோடு கிணற்றடியில் நிற்கிற மனிதரின் உடம்புத் தடையை 1000 ஓம் என்று எடுப்போம். 230ஐ 1000ஆல் பிரித்தால் 0.23 அம்பியர். அவர் உடம்புக்குள்ளால் ஓடுவது அவ்வளவுதான். ஆனால் சுமார் 0.01 அம்பியரிலேயே கைத்தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகும். 0.03ஐத் தாண்டிச் சில கணங்கள் நீடித்தால் இதயத்தின் துடிப்பே குழம்பலாம். 0.23 என்பது அதைவிட ஏழு மடங்குக்கு மேல்.

இப்போது உங்கள் வீட்டு பிரேக்கரைப் பாருங்கள். அதில் 16 என்று எழுதியிருக்கும். 16 அம்பியரைத் தாண்டினால்தான் அது விழும். மனிதர் துடித்துக்கொண்டிருக்கும்போது ஓடுகிற மின்னோட்டம் அதில் எழுபதில் ஒரு பங்கு. பிரேக்கரின் கணக்கில் நீங்கள் வீட்டில் இன்னுமொரு மேசை ஃபான் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது விழாது. ஏனென்றால் அது மனிதருக்காகச் செய்த சாமான் இல்லை. வயர் சூடாகி வீடு எரியாமல் இருக்கச் செய்தது. பியூஸ் கம்பியும் அப்படித்தான்.

மனிதருக்காகச் செய்தது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதன் வேலை எளிது. லைவ் வயரால் போகிற மின்னோட்டமும் நியூட்ரலால் திரும்பி வருகிறதும் சமமா என்று எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர், அதாவது 0.03 அம்பியர் குறைந்தால் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம்: ஈரச் சுவருக்குள்ளாலோ, மோட்டரின் உடம்புக்குள்ளாலோ, ஒரு பிள்ளைக்குள்ளாலோ. உடனே வெட்டிவிடும். கசிவு பெரிதென்றால் செக்கனின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். ஒரு இதயத்துடிப்பு முடிய முதல்.

இது புதுச் சாமானும் இல்லை. 1950களில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியியலாளர் இப்படியொன்றை உருவாக்கினார். அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சீல், பிடித்த கையை விட முடியாமல் போவது எத்தனை மில்லி அம்பியரில் என்று வருடக்கணக்காக ஆராய்ந்து, 1961இல் தன்னுடைய கருவியைச் செய்தார். பிறகு அந்த நாட்டு வயரிங் விதிகள் நீச்சல் குளம், வீட்டு முற்றம், குளியலறை, குசினி என்று ஒவ்வொன்றாக அதைக் கட்டாயமாக்கின. பக்கத்தில் தமிழ்நாட்டிலும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டது. எங்கள் நாட்டிலும் புது இணைப்பு எடுக்கும்போது ட்ரிப் சுவிட்ச் வேண்டும். வாங்கிப் பூட்டிக் காட்டி இணைப்பை எடுத்த பிறகு நேரடியாக்குகிறோமே, யாரை ஏமாற்றுகிறோம்?

இனி, எங்களிடம் வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு சாட்டுகளுக்கு வருவோம்.

முதலாவது: "எர்த் கம்பி அடிச்சிருக்குத்தானே, பிறகென்ன?"

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே கொஞ்சம் மணல். கோடையில் அந்தக் கம்பியைச் சுற்றி ஈரம் இருக்காது. கடலும் ஏரியும் பக்கத்தில், காற்றில் உப்பு. கம்பியைப் பிணைத்த கிளிப் துருப்பிடித்துப் போயிருக்கும். அந்த எர்த்தின் தடை 100 ஓம் என்று வையுங்கள். மோட்டரின் உடம்புக்கு லைவ் தொட்டால் எர்த்தால் ஓடுவது 2.3 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அசையாது. மோட்டரின் இரும்பு உடம்பு முழு வோல்ற்றோடு அப்படியே நிற்கும், யாராவது தொடும்வரை. ஆனால் அதே 100 ஓம் எர்த்தோடு ட்ரிப் சுவிட்ச் இருந்தால், லைவ் தொட்ட கணமே விழும். ஒருவரும் தொடத் தேவையில்லை. எர்த்தும் வேண்டும், ட்ரிப் சுவிட்சும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்கிறவருக்கு எங்கள் மண் தெரியாது.

இரண்டாவது: "காசு."

இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. இல்லாதவர்களைச் சொல்லவில்லை, அவர்களுக்கு ஊர் உதவ வேண்டும். மாபிள் பதித்து, இரும்பு கேற்றுக்குத் தங்க நிறம் அடித்து, குசினிக்கு இத்தாலி டைல்ஸ் தேடுகிறவர்களைச் சொல்கிறோம். லட்சங்கள் செலவழித்த வீட்டில் சில ஆயிரம் ரூபாய்ச் சாமானில் மிச்சம் பிடிக்கிறோம். லண்டனில் இருந்து காசு அனுப்புகிற அண்ணாமாருக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை வீட்டின் வயரிங்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். அங்கே முன்பின் தெரியாத வாடகைக்காரருக்குச் செய்வதை, இங்கே அம்மா அப்பா இருக்கிற வீட்டுக்குச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை டைல்ஸின் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்கும்போது ட்ரிப் சுவிட்சின் படத்தையும் கேளுங்கள்.

மூன்றாவது: "சும்மா விழுது."

சும்மா விழுவது அரிது. விழுகிறதென்றால் எங்கேயோ கசிகிறது என்று உங்களுக்குச் சொல்கிறது. கிணற்று மோட்டரின் சுற்றுக்குள் ஈரம், பழைய கேத்தலின் கம்பி வெடிப்பு, வெளிச்சுவர் பிளக் பொயின்டுக்குள் உப்பும் எறும்பும், கூரைக்கு மேலே எலி கடித்த வயர். இல்லாவிட்டால் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள நியூட்ரலை ஒன்றாகக் கலந்து கட்டிய அரைகுறை வயரிங். கண்டுபிடிக்கும் வழி இதுதான். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே இழுத்து எடுக்க வேண்டும். பிறகு ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பூட்டிப் பாருங்கள். எதைப் பூட்டும்போது விழுகிறதோ அதுதான் கள்ளன். ஒன்றும் பூட்டாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில் அல்லது நிரந்தரமாகப் பூட்டியதில். அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் கள்ளன் வந்தான் என்று நாய் குரைத்தால் நாயை அடித்துக் கொல்லுகிறோமா?

நான்காவது: "அவற்ற விதி அவ்வளவுதான்."

இதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிற சாட்டு. இறைவன் விதித்ததை நம்புகிறவர்கள்தான் நாங்களும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு பாரத்தைப் போடு என்ற கருத்தில்தான் நபிகளார் பதில் சொன்னார்கள். சந்நிதி முருகனைக் கும்பிடுகிற எங்கள் அயலவர்களும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறார்கள். முறுக்கி டேப் சுற்றியது மனிதக் கை. அதை விதியின் தலையில் கட்டுவது பாவம்.

எங்கள் வீடுகள் இப்படி ஆனதற்குக் காரணமும் உண்டு. 1990இல் போரோடு யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் நின்றது. ஒரு தலைமுறை ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களுக்குள் இருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் கதவும்கூட இல்லாத வீடுகள். வடமராட்சித் தமிழ்ச் சனமும் எத்தனை தடவை வீட்டை விட்டு ஓடியது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிறகு 2013இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயரழுத்த வழி வந்து நாட்டின் மின்வலையோடு மறுபடி இணைந்தோம். சுவருக்குள் இருந்த பழைய வயரோடு புது வயரைப் பொருத்தி அவசரமாக லைட்டை எரித்தோம். அன்றைக்கு அது சரி. ஆனால் அந்த அவசரம் முடிந்து எத்தனை வருடம்? இன்றைக்கு அதே வயரில் வோஷிங் மெஷினும் ஏசியும் ஓடுகின்றன.

சரி, என்ன செய்ய வேண்டும்?

ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு முழு வீட்டையும் காக்கிற 30 மில்லி அம்பியர் ஒன்று பூட்டுங்கள். 100, 300 என்று எழுதியவை தீயைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்றப் போதாது. கடையில் விலையைக் கேட்க முதல் அந்த இலக்கத்தைப் பாருங்கள்.

முழு வயரிங்கையும் இப்போதைக்கு மாற்ற முடியாத வீடு, வாடகை வீடு என்றால், ட்ரிப் சுவிட்ச் உள்ளேயே பொருத்திய 13 அம்பியர் பிளக் பொயின்ட் கிடைக்கிறது. கிணற்றடி, குளியலறைப் பக்கம், குசினி, முற்றம், இந்த நான்கு இடத்திலிருந்து தொடங்குங்கள். அது அந்த ஒரு பொயின்டைத்தான் காக்கும் என்பதை மறக்க வேண்டாம். இதிலேயே சில வகையில் வருகிற வயருக்கு ஒரு பக்கம், அடுத்த பொயின்டுக்குப் போகிற வயருக்கு இன்னொரு பக்கம் என்று இருக்கும். மாற்றிப் பூட்டினால் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். பூட்டி முடித்த உடனே அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுகிறதா, அந்தப் பொயின்டில் உண்மையாகவே கரண்ட் நின்றதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பூட்டுகிறவர் யார் என்பதும் முக்கியம். என்.வி.கியூ சான்றிதழ் உள்ளவரைக் கேளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் வரைக்கும் வருகிற வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். யூடியூப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். படித்த பெடியள்தான் இதில் கூடுதலாகத் துணிகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள். போன் சார்ஜரின் இரண்டு ஊசி பிளக்கைச் செருகுவதற்காக மேலே உள்ள எர்த் துவாரத்துக்குள் பேனையோ ஈர்க்கோ குத்துகிறோம். 13 அம்பியர் பொயின்டில் அந்த எர்த் ஊசி நீளமாக இருப்பதே, அது போனால்தான் கீழே லைவ் துவாரத்தின் மூடி திறக்க வேண்டும் என்பதற்காக. அந்த மூடி சின்னப் பிள்ளையின் விரலுக்கும் ஊசிக்கும் போட்ட தடை. அதைத் திறப்பது எப்படி என்று பிள்ளைக்கு நாங்களே செய்து காட்டுகிறோம்.

கடைசியாக, மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். நாள் மறந்துபோகும் என்றால் போயா லீவில் அழுத்துங்கள். விழாவிட்டால் அது செத்த ட்ரிப் சுவிட்ச். சுவரில் வெறும் அலங்காரம். விழுந்தாலும் எர்த் சரி என்று அர்த்தமில்லை. அதைத் தனியாக அளக்க வேண்டும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களுக்கும் ஒரு கேள்வி. சந்நிதிச் சூழலில் திருவிழாக் காலத்தில் எத்தனை மடங்களில் அன்னதானம், எத்தனை தற்காலிகக் கடை, ஈர மணலில் எத்தனை வயர்? எங்கள் பள்ளிவாசல்களில் உளூச் செய்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே மோட்டர் ஓடுகிறது. ஒலிபெருக்கிக்கும் லைட்டுக்கும் செலவழிக்கிற நாங்கள், அந்த இடங்களில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தோம்? பொது இடத்தில் முதலில் செய்து காட்டினால் வீடுகள் தாங்களாகவே பின்னால் வரும். பாடசாலைகளையும் விடவில்லை. எங்கள் வகுப்பறைப் பொயின்டுகளை நாங்களே முதலில் பார்க்கிறோம்.

இந்தப் பதிவுக்கு விருப்பம் போட்டுவிட்டுப் போக வேண்டாம். எழும்பிப் போய் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ், தூக்கிவிட்டு வந்து தேத்தண்ணி குடியுங்கள். விழாவிட்டால், அல்லது அந்தப் பெட்டிக்குள் டேப் சுற்றிய இரண்டு வயர்தான் இருக்கிறது என்றால், ஆளைக் கூப்பிடுங்கள். திருத்தும்வரை பிள்ளைகளைக் கிணற்று மோட்டருக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.