தாய்க்கும் ஒரு நடை சாத்தும் நேரம்

பங்குனி முடியும் தறுவாயில் பள்ளிகளிலிருந்து ஆண்டுத் தேர்வு அட்டவணை வீடு வந்து சேர்கிறது. தாய் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் ஏறக்குறைய அதே நாட்களில் இன்னோர் அட்டவணையும் தயாராகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை; அலுவலகத்துக்கு விடுமுறை இல்லை. இடைப்பட்ட ஐந்தாறு வாரங்களை எப்படிக் கடத்துவது என்ற கணக்கு அது.

அத்தகைய தாள் ஒன்றை வாசகி ஒருவர் கடிதத்துடன் இணைத்து அனுப்பியிருக்கிறார். மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு அலுவலகப் பணி. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8 வயது. கணவர் தனியார் நிறுவனத்தில் இருக்கிறார். மாமியார் உடன் வசிக்கிறார். காலை 4.45 மணிக்குத் தொடங்கி இரவு 10.30 வரை கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் நிரப்பியிருக்கிறார். நீச்சல், ஓவியம், அபாகஸ், கோயிலில் தேவார வகுப்பு; ஞாயிறுதோறும் வடாம், வற்றல்; மூன்று தலங்களுக்கு யாத்திரை; குலதெய்வத்துக்கு மாவிளக்கு; உறவில் இரண்டு திருமணங்கள். கணவர் ஒரே ஒரு கட்டத்தில்தான் வருகிறார். "அவர்: டிக்கெட்" என்று இருக்கிறது.

அவர் கேட்டிருக்கும் கேள்வி இந்தத் தாளைப் பற்றியதன்று. "கோபம் குறைய எந்தச் சுலோகத்தைச் சொல்ல வேண்டும்?" என்பதே கேள்வி. சென்ற ஆண்டு வைகாசிக் கடைசியில் அவருடைய மகள் பாட்டியிடம், "பள்ளிக்கூடம் திறந்தால் தேவலை பாட்டி, அப்புறம் அம்மா கத்த மாட்டாள்" என்று சொன்னாளாம். அது காதில் விழுந்ததிலிருந்து தமக்கு உறக்கம் சரியில்லை என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் எந்தத் திருநாமத்தைச் சொல்லிப் பழகியிருக்கிறீர்களோ, அதையே சொல்லுங்கள். புதிதாக ஒன்று வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தாளின்படி உறங்கக் கிடைப்பது ஆறே கால் மணி நேரம். மின்விசிறிக் காற்றும் அனலாக வீசும் கத்திரி வெயில் நாட்களில், அதிலும் பாதி புரண்டு படுப்பதிலேயே கழியும். அந்த உடம்பில் கோபம் எழாமல் இருந்தால்தான் வியப்பு. எனவே சுலோகத்துக்கு முன்பாகத் தாளைப் பார்ப்போம்.

கோடையை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு நம் கோயில்களிலேயே நடைமுறை இருக்கிறது. சித்திரை 21 வாக்கில் தொடங்கி வைகாசி 14 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திர நாட்களில், சிவாலயங்களில் இலிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டித் தொங்கவிடுவார்கள். வெட்டிவேர் முதலிய குளிர்ச்சிப் பொருள்கள் சேர்த்த நீர், பாத்திரத்தின் அடியிலுள்ள சிறு துளை வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். குடத்தோடு கவிழ்ப்பதில்லை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். அது வசந்த விழாவுக்கென்றே எழுந்த மண்டபம். சுற்றிலும் நீர் நிரப்பிக் குளிர்வித்த இடத்தில் சுவாமியும் அம்மனும் எழுந்தருளி இளைப்பாறுவதற்காக அமைத்தது. பருவம் மாறினால் உபசாரம் மாற வேண்டும் என்று முன்னோர் தெளிவாக இருந்திருக்கிறார்கள். இல்லங்களில் நாம்தான் மார்கழியின் சுறுசுறுப்பைச் சித்திரையிலும் எதிர்பார்க்கிறோம்.

இவை விழாக்கால ஏற்பாடுகள். நாள்தோறும் நடக்கும் ஒன்று இதைவிட நமக்குப் பயன்படும். உச்சிக்கால பூஜை முடிந்ததும் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுகிறார்கள். மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பார்கள். நூறு மைல் கடந்து வந்தவரும் மண்டபத் திண்ணையில் துண்டை விரித்துக் காத்திருப்பாரே தவிர, "சுவாமிக்கு எதற்கு ஓய்வு?" என்று சண்டைக்குப் போவதில்லை. திறந்த பிறகும் திரை போட்டிருந்தால் பேசாமல் நிற்கிறோம். உள்ளே அலங்காரம் நடக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். திரை விலகித் தீபாராதனை ஆகும்போது அந்தத் தரிசனத்துக்குத் தனி நிறைவு உண்டு.

உங்கள் வீட்டில் கோபம் வரும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கடிதத்திலேயே இருக்கிறது. மாலை 6.15-க்குப் பேருந்திலிருந்து இறங்குகிறீர்கள். 6.30-க்கு வாசற்படி. செருப்பைக் கழற்றும்போதே மகன் தன் அக்காவின் மீது புகார் சொல்கிறான். மாமியார் பால் திரிந்துபோன செய்தியைச் சொல்கிறார். மகள் கைப்பேசிக்குக் கடவுச்சொல் கேட்கிறாள். 6.45-க்கு நீங்கள் கத்துகிறீர்கள். உங்கள் தாளிலோ 6.30 முதல் 7.30 வரை "பிள்ளைகளுடன் விளக்கேற்றி ஸ்தோத்திரம், பிறகு இரவுச் சமையல்" என்று எழுதியிருக்கிறது. திரை விலகாமலே தீபாராதனை செய்யப் பார்க்கிறீர்கள்.

அந்தக் கட்டத்தின் முதல் அரை மணியை அடித்துவிடுங்கள். வந்ததும் கைகால் கழுவி, ஒரு குவளை மோர் குடித்து, ஓர் அறையிலோ மொட்டைமாடியிலோ தனியாக உட்காருங்கள். அப்போது யாரும் எதுவும் கேட்கக் கூடாது. காயம் பட்டால் மட்டும் கூப்பிடலாம். இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்று தயங்க வேண்டாம். "அம்மாவுக்குத் திரை போட்டிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். கோயிலுக்குப் போய்ப் பழகிய குழந்தை உடனே புரிந்துகொள்ளும். நாலாம் நாளிலிருந்து அதுவே மற்றவர்களைத் தடுத்து நிறுத்தும். விளக்கை அன்றைக்கு மாமியாரோ மகளோ ஏற்றட்டும். வீட்டு விளக்கை யார் ஏற்றினாலும் ஒளி ஒன்றுதான்.

பகலிலும் வீட்டுக்கு நடை சாத்துங்கள். பன்னிரண்டரை முதல் நான்கு வரை பிள்ளைகள் வெளியே போவதில்லை, வகுப்பு இல்லை, விருந்தினர் வருகை இல்லை. உறங்கலாம், படிக்கலாம், பல்லாங்குழியோ தாயமோ ஆடலாம், சும்மாவும் இருக்கலாம். "போரடிக்கிறது" என்று பிள்ளை சொன்னால் நாம் பதறிப்போய் ஏதாவது வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். அது நோயன்று. அரை மணி பொறுத்தால் அவர்களே ஏதேனும் ஆட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள். மாமியாருக்கும் அந்த நேரம் கண்ணயரக் கிடைக்கும். அவருடைய ஓய்வையும் உங்கள் தாள் மறந்துவிட்டது.

வகுப்பு நான்கில் ஒன்று போதும். எது என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும். மகள் ஓவியத்தைச் சொன்னால், தேவாரம் விட்டுப்போகிறதே என்று வருந்தாதீர்கள். பிரதோஷ மாலையில் ஓதுவார் பாடும்போது அருகே உட்கார வையுங்கள், அது போதும்.

சமையலைப் பற்றி இந்தப் பகுதியில் விரிவாக எழுதுவது வழக்கமில்லை. ஆயினும் உங்கள் தாளில் காலையும் இரவும் இரண்டிரண்டு மணி நேரம் அடுப்படியிலேயே கழிவதால் சொல்லியாக வேண்டும். வாரத்தில் நான்கு இரவுகள் அடுப்பு மூட்டாமல் இருக்க முடியும். புளிக்காய்ச்சலை ஞாயிறன்று ஒரு முறை காய்ச்சி வைத்தால், காலையில் கிளறிய புளியோதரை இரவுவரை தாங்கும். அந்தக் காலத்தில் யாத்திரைக்குக் கட்டுச்சோறாக அதைக் கட்டிக்கொண்டு போனதற்குக் காரணமே அதுதான். கம்பங்கூழ், தயிர்சாதம், பருப்புத் துவையல் ஆகியவை மற்ற நாட்களுக்கு. தேங்காய் அரைத்தவற்றைக் கோடையில் மாலைவரை வைக்காதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். நீர்மோர் கலக்கவும் பானைகளில் நீர் நிரப்பவும் எட்டு வயது மகனால் முடியும். பெண்பிள்ளையை மட்டும் கூப்பிடும் பழக்கம் இருந்தால், இந்த விடுமுறையில் அதை மாற்றுங்கள்.

வடாம் கதைக்கு வருகிறேன். "நாங்களெல்லாம் செய்யவில்லையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இயல்பு. செய்தார்கள், உண்மை. அன்று ஒரு முற்றத்தில் நான்கு பெண்கள் கூடிப் பிழிந்தார்கள். காக்கை விரட்ட ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். யாருக்கும் ஒன்பதே கால் மணிப் பேருந்து இல்லை. ஏழு ஞாயிறும் வேண்டாம். ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு வகை, எல்லோரும் சேர்ந்து பிழியுங்கள். மீதியை மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் வாங்கினால் இன்னொரு பெண்ணின் அடுப்பு எரியும்.

அடுத்தது யாத்திரை. இரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், மே மாதப் பயணத்தை மார்ச்சிலேயே முடிவு செய்துவிடுகிறோம். நம் உடல்வலுவைப் பற்றி யோசிக்கும் முன்பே பயணச்சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. மூன்று தலங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை ரத்து செய்யுங்கள். கத்திரி வெயிலில் பகல் பதினொன்றரைக்குக் கல் பிரகாரத்தில் வெறுங்காலோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவதில் என்ன தரிசனம் கிட்டும்? உள்ளூர்ச் சிவன் கோயிலில் சாயரட்சைக்கு நடந்து போய், தாராபாத்திரத்திலிருந்து விழும் துளிகளைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அதைவிட உயர்வாகத் தோன்றுகிறது.

குலதெய்வ மாவிளக்கு வேண்டுதல் என்கிறீர்கள். வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் குற்றமாகுமோ என்று அஞ்சுவது தெரிகிறது. நம் பாட்டிமார் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து பூஜையறையில் வைத்து, "இன்ன மாதத்தில் வந்து செலுத்துகிறோம்" என்று தெய்வத்திடம் சொல்லிவிடுவார்கள். குழந்தைக்கு உடல்நலமில்லை, வீட்டில் தீட்டு, கையில் பணமில்லை என்றெல்லாம் காலங்காலமாகக் காசு முடிந்திருக்கிறார்கள். தாயின் களைப்பும் அவற்றுக்குக் குறைந்த காரணமன்று. ஆடியில் குலதெய்வத்தைக் கும்பிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு; அதற்குள் வெயிலும் தணிந்திருக்கும்.

இனி விடுப்பு. உங்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அதில் ஐந்தை மொத்தமாக எடுத்து யாத்திரைக்கு வைத்திருக்கிறீர்கள். யாத்திரையைக் குறைத்தால் மூன்று நாட்கள் மிஞ்சும். அவற்றை வாரத்துக்கு ஒன்றாக, புதன்கிழமைகளில் எடுத்துப் பாருங்கள். நடுவாரத்தில் அவசரமின்றி விடியும் ஒரு காலை, தொடர்ச்சியாக ஐந்து நாள் அலைவதைவிட அதிகம் தரும். கணவரும் அவ்வாறே இரண்டு நாட்கள் எடுக்கட்டும். அன்று வீடு முழுவதும் அவர் பொறுப்பு. "அவர்: டிக்கெட்" என்பதற்குப் பதில் "அவர்: செவ்வாய், வெள்ளி இரவு உணவு" என்று எழுதுங்கள். முதல் வாரம் சாதம் குழையும். யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிடுங்கள்.

மாமியாரோ தாயாரோ உடன் இல்லாத சகோதரிகளும் இதைப் படிப்பார்கள். ஒரே தெருவில், ஒரே அடுக்ககத்தில் வேலைக்குப் போகும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, முறைவைத்து விடுப்பெடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நடைமுறையில் சாத்தியமே. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று: 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், நாளில் நான்கு முறை தாய் அங்கே சென்று வரலாம் என்றும் சட்டம் கூறுகிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் ஒன்று. திருத்திய தாளை நீங்களே புதிதாகப் பிரதி எடுக்காதீர்கள். பென்சிலோடு மகளிடம் கொடுங்கள். அவள் இரண்டு கட்டங்களை அடிக்கலாம், ஒரு கட்டத்தில் தனக்குப் பிடித்ததை எழுதலாம் என்று சொல்லுங்கள். சென்ற ஆண்டு பாட்டியிடம் அவள் சொன்னதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அவள் எதை அடிக்கிறாள் என்று மட்டும் பாருங்கள்.

கத்திரி தொடங்க இன்னும் மூன்று வாரங்களுக்கு மேல் இருக்கின்றன. ஒருவேளை வடாத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டீர்கள் என்றால், இந்த ஞாயிறு அதை மட்டும் பிழிந்துவிடுங்கள்.